கரும்பு லாரி ஏன் மேடேற மறுக்கிறது? லெகோ மோட்டார் வண்டி கட்டுபவருக்கு ஒரு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெய்ட்ஸ்டோன் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரியைப் போன்ற ஒன்றை, உங்கள் அக்காள் மகனுடன் சேர்ந்து லெகோ டெக்னிக் துண்டுகளால் கட்டியிருக்கிறீர்கள். டயர்கள் 62.4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. லெகோவின் பழைய மோட்டார் வரிசையான பவர் ஃபங்ஷன்ஸைச் சேர்ந்த, நடுத்தர அளவுள்ள எம் மோட்டார் ஒன்று, 12 பல் கியர் வழியாக 20 பல் கியரைச் சுழற்றிப் பின்னச்சை ஓட்டுகிறது. இன்னொரு எம் மோட்டார் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. கரும்புப் பெட்டியோடு சேர்த்து எடை 1.6 கிலோ. ஓடு பதித்த தரையில் ஓடும் வண்டி தரைவிரிப்பில் திணறுகிறது, சாய்த்து வைத்த பலகையில் ஏறுவதில்லை. விசையை முழுக்கக் கொடுத்தால் உள்ளே பற்கள் டக்டக்கென்று தாண்டுகின்றன. திருப்பும்போது முன்சக்கரங்கள் திரும்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகிறது. முற்றத்து வெயிலில் ரிமோட்டுக்குக் கட்டுப்படுவதே இல்லை. எம் மோட்டாரை விட்டுவிட்டு, அதைவிடப் பெரிய எக்ஸ்எல் மோட்டார் வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் ஐந்து குறைகளில் ஒன்றுகூட மோட்டாரின் குறையன்று. மோட்டார் பொருத்திய வண்டியைப் பொறுத்தவரை அடிச்சட்டமும் பற்சக்கர விகிதமும்தான் முதலில் வர வேண்டியவை. லாரியின் முகப்பு, கதவு, விளக்கு, கரும்புப் பெட்டி எல்லாம் அதன்பின் வர வேண்டியவை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான மேற்கூட்டைக் கட்டி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் மோட்டாரை எங்கே திணிப்பது என்று தேடுகிறார்கள்.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். 1.6 கிலோ வண்டியைப் புவி இழுக்கும் விசை ஏறத்தாழ 15.7 நியூட்டன். 15 டிகிரி சாய்வில் அதில் கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் 4.1 நியூட்டன், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். தரைவிரிப்பின் உருளல் தடையைக் கணக்குக்காக எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் இன்னும் 1.6 நியூட்டன் சேரும். ஆகமொத்தம் சுமார் 5.6 நியூட்டன் விசை சக்கரத்தின் விளிம்பில் வேண்டும். உங்கள் சக்கரத்தின் ஆரம் 3.12 சென்டிமீட்டர், இரண்டையும் பெருக்கினால் பின்னச்சில் தேவைப்படும் முறுக்கு விசை 17.5 நியூட்டன்-சென்டிமீட்டர். எம் மோட்டார் 9 வோல்ட்டில் முற்றிலும் நின்றுபோகும் நிலையில் தரும் உச்ச முறுக்கு விசை சுமார் 11 மட்டுமே. சூடாகாமல் தொடர்ந்து ஓட வேண்டுமானால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.7 அளவில் அதை வேலை வாங்குவதே முறை. 12-க்கு 20 என்ற உங்கள் விகிதம் அதை 1.67 மடங்கு ஆக்குகிறது. உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கொண்டால் அச்சில் கிடைப்பது 5-க்கும் குறைவு. பதினேழரை கேட்கும் இடத்தில் ஐந்து கொடுத்தால் வண்டி எப்படி ஏறும்?

எக்ஸ்எல் மோட்டாரின் உச்சம் சுமார் 40 நியூட்டன்-சென்டிமீட்டர். அதே விகிதத்தில் அதே கணக்கைப் போட்டால் அச்சில் 17.8 கிடைக்கும், மட்டுமட்டாக ஏறிவிடும். அதனால்தான் கடைக்காரரும் நண்பர்களும் அதை வாங்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இப்போதே, வெறும் 11 நியூட்டன்-சென்டிமீட்டருக்கே பற்கள் தாண்டுகிற ஒரு சட்டத்தில் 40 தரும் மோட்டாரை வைத்தால் சத்தம்தான் கூடும். அதைவிட, கையிலிருக்கும் எம் மோட்டாருக்கு 7-க்கு 1 என்ற விகிதம் கொடுங்கள், அதாவது மோட்டார் ஏழு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அச்சில் 20-க்கு மேல் கிடைக்கும். வேகம் குறையுமே என்று கேட்பீர்கள். குறையும், சுமையேற்றிய நிலையில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சுற்றுகள், தரையில் நிமிடத்துக்கு 8 மீட்டர் போகும். மாதிரியின் அளவுக்கேற்பப் பெருக்கிப் பார்த்தால் அது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மேடேறும் லாரி. கரும்பு நிறைய ஏற்றிய உண்மையான லாரி மேட்டில் ஊர்வதைப் பார்த்தவர்களுக்கு இது குறையாகத் தோன்றாது.

அந்த 7-க்கு 1 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்கள் இன்னொரு குறைக்கும் மருந்து இருக்கிறது. நீங்கள் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் கோத்திருக்கிறீர்கள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் போயாக வேண்டும்; ஒரே அச்சில் இருப்பதால் அது முடியாமல் இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளுகின்றன, முன்சக்கரங்கள் வழுக்குகின்றன. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டை வைத்தால் இது உடனே தீரும். இப்போது பரவலாகக் கிடைக்கும் டிஃபரென்ஷியலின் வெளிவிளிம்பில் 28 பற்கள் இருக்கின்றன. 12 பல் கியர் அதைச் சுழற்றினால் விகிதம் 2.33. அதற்கு முன்னால் 8 பல் கியர் 24 பல் கியரைச் சுழற்றும் ஒரு படியை வைத்தால் 3. இரண்டையும் பெருக்கினால் 7. லெகோ பற்சக்கரங்களில் பல்லின் எண்ணிக்கையே மில்லிமீட்டரில் அதன் செயல்விட்டம் என்பதும், லெகோ துண்டின் மேலுள்ள இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர் என்பதும் தெரிந்திருந்தால், எந்தச் சோடி எங்கே பொருந்தும் என்பதை மனத்திலேயே போட்டுவிடலாம். 8-ம் 24-ம் சேர்ந்தால் 32, அதில் பாதி 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் இடைவெளி. 8-ம் 40-ம் சேர்ந்தால் மூன்று குமிழ். 16-ம் 24-ம் சேர்ந்தால் இரண்டரைக் குமிழ். அரைக் குமிழ் நகர்த்தும் துண்டுகள் இல்லாமல் அது பொருந்தாது.

இந்த 8-24 படியை எங்கே வைப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். என் அனுபவத்தில் நல்ல வண்டிக்கும் நோஞ்சான் வண்டிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மோட்டாருக்குப் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டால், மூன்று மடங்கான முறுக்கு விசை அங்கிருந்து பின்னச்சு வரை நீண்ட பிளாஸ்டிக் அச்சு வழியாகப் பயணம் செய்ய வேண்டும். அச்சு முறுக்கிக்கொள்ளும், வழியில் அச்சை வளைத்துத் திருப்பும் யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் அது உடையும் அல்லது கழன்றுவிடும். அதற்குப் பதிலாக, மோட்டாரின் வேகத்தை அப்படியே பின்னால் கொண்டுபோய், டிஃபரென்ஷியலுக்கு ஒட்டிய இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். நீண்ட அச்சு வேகமாகவும் இலேசாகவும் சுழலும்; பாரம் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் இருக்கும். உண்மையான கனரக வாகனங்களில் சக்கரக் குடத்துக்குள்ளேயே பற்சக்கரக் குறைப்பை வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான். லெகோ நிறுவனமே 2019-ல் 42099 என்ற நான்கு சக்கர ஓட்ட வண்டியில் சக்கரக் குடத்துக்குள் கோள் பற்சக்கரங்களை வைத்து வேகத்தை ஐந்து மடங்குக்கு மேல் குறைத்தது. அதன்பின் கரடுமுரடான தரையில் ஓடும் வண்டிகளைக் கட்டுவோர் பலர் அந்தக் குடங்களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

இனி அந்த டக்டக் சத்தம். செங்குத்தாகச் சந்திக்கும் இரண்டு பற்சக்கரங்கள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றைத் தாங்கும் சட்டம் அரை மில்லிமீட்டர் விலகிக் கொடுத்தால் போதும், பல் தாண்டிவிடும். எனவே இரண்டு பற்சக்கரங்களின் அச்சுகளும் ஒரே விறைப்பான கட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வோர் அச்சையும் பற்சக்கரத்தின் இரு பக்கமும் ஒரு குமிழ் தூரத்துக்குள் பீம் எனப்படும் துளையிட்ட சட்டத் துண்டு தாங்க வேண்டும்; இந்தப் பக்கத்துப் பீமையும் அந்தப் பக்கத்துப் பீமையும் குறுக்கே இன்னொரு துண்டு கட்டிப் பிடிக்க வேண்டும். மேலே மட்டும் குறுக்குத் துண்டு வைத்தால் போதாது, கீழேயும் வேண்டும். பெட்டியின் நான்கு பக்கமும் மூடியிருந்தால்தான் அது பெட்டி. கட்டி முடித்ததும் இரண்டு கைகளாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். பற்களுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது.

விறைப்பைச் சொல்லும்போதே அதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அச்சு நகராமலிருக்க இரு முனையிலும் புஷ் எனப்படும் சிறு வளையங்களை அழுத்தி மாட்டுவது வழக்கம். அவை பீமின் பக்கத்தை உரசும் அளவுக்கு அழுத்தப்பட்டால் மோட்டாரின் வலிமையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விடுங்கள். சோதிக்கும் முறை எளிது: மோட்டாரைக் கழற்றிவிட்டு, அது சொருகியிருந்த அச்சை விரல் நுனியால் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் சுழல வேண்டும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஏதோ ஓர் அச்சு வளைந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் போட வேண்டாம். இந்தத் துண்டுகள் உலர்ந்த நிலையிலேயே ஓடும்படி செய்யப்பட்டவை. பெட்ரோலிய எண்ணெய்த் தெளிப்பான்கள் சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விடச் செய்யும்.

திருகு வடிவப் பற்சக்கரமான வார்ம் கியர் வைத்தால் ஒரே படியில் 24-க்கு 1 கிடைக்குமே என்ற எண்ணம் அடுத்து வரும். வண்டியை ஓட்டுவதற்கு அது வேண்டாம். அது பல்லோடு உருளாமல் தேய்த்துக்கொண்டே போவதால் கொடுத்த வலிமையில் பாதிக்கு மேல் தின்றுவிடும்; தவிர, மோட்டார் நின்றதும் சக்கரங்களும் பூட்டிக்கொண்டு வண்டி குப்புற இழுக்கும். ஆனால் அதே குணம், அதாவது பின்னாலிருந்து தள்ளினால் சுழலாத குணம், தூக்குக் கைக்கும் பிடிநகத்துக்கும் மிகவும் வேண்டியது. எதைத் தூக்கினாலும் மோட்டார் நின்ற பிறகு அது அங்கேயே நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்: வண்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது டயர். பல அளவுகளில் டயர் கிடைப்பதுபோல் தோன்றினாலும், இரட்டைச் சக்கரமாகப் பொருத்தும் அளவுக்கு எண்ணிக்கையில் ஒருவரிடம் இருப்பது ஏதாவது ஓர் அளவுதான். மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படியும் மாற்றிக் கட்டலாம். நம் சாலைகளில் ஓடும் பெரிய லாரிகளின் டயர் ஏறத்தாழ 1.08 மீட்டர் விட்டம் உடையது. அதை உங்கள் 62.4 மில்லிமீட்டரால் வகுத்தால் அளவு 17-க்குச் சற்று மேல் வரும். லாரியின் அகலம் சுமார் 2.5 மீட்டர், அதை அந்த எண்ணால் வகுத்தால் 145 மில்லிமீட்டர், அதாவது 18 குமிழ். நீங்கள் 14 குமிழ் அகலத்தில் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஒல்லியாகவும் சக்கரம் பருத்தும் தோன்றுவதாக உங்கள் மருமகன் சொன்னது சரி, அவன் கண் நன்றாகவே அளக்கிறது. 18 குமிழாக அகலப்படுத்தினால் டிஃபரென்ஷியலுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு இழுவைப் பெட்டிகள் கோத்த முழு வண்டியையும் செய்ய ஆசைப்படாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச நீளம் 22 மீட்டர், உச்ச எடை 56 டன். இந்த அளவில் அது ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளும். அத்தனையையும் எம் மோட்டார் ஒன்றால் இழுக்க முடியாது, உங்கள் வீட்டுக் கூடத்தில் அதைத் திருப்பவும் முடியாது.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்திறங்கியவர்கள் கரும்புக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள் என்பதால், நம் வீட்டுப் பிள்ளைகள் பந்தயக் காரை விட்டுவிட்டுக் கரும்பு லாரியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வியப்பளிப்பதில்லை, மகிழ்ச்சியே தருகிறது. ஆயினும் முதல் மோட்டார் வண்டியாக லாரி ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஸ்டீயரிங் வேண்டும், டிஃபரென்ஷியல் வேண்டும், நீண்ட சட்டம் வேண்டும், இழுவைப் பெட்டியின் எடையும் சேரும். அதே கரும்புத் தோட்டத்தில், லாரிக்குப் பக்கத்திலேயே, லெகோவுக்கென்றே பிறந்தது போன்ற ஓர் இயந்திரம் நிற்கிறது: மூன்று சக்கரக் கரும்பு ஏற்றி. 1954-ல் ஜுலுலாந்தில் இர்வின் பெல் தொடங்கி, இன்று ரிச்சர்ட்ஸ் பேயைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் பெல் நிறுவனத்தின் இயந்திரம் அது. வெட்டிப் போட்ட கரும்பை நகத்தால் அள்ளி வண்டியில் போடும் அதை நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணெய் அழுத்த மோட்டார் ஓட்டுகிறது. பின்னால் ஒரே ஒரு சிறிய சக்கரம், நாற்காலிச் சக்கரத்தைப் போலத் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஸ்டீயரிங் என்று தனியாக எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் முன்னோக்கி ஓடினால் நேரே போகும்; ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஓடினால் நின்ற இடத்திலேயே சுற்றும். உங்களிடம் இருப்பது இரண்டு எம் மோட்டார். பவர் ஃபங்ஷன்ஸ் ரிசீவரில் இருப்பது சிவப்பு, நீலம் என்று இரண்டு முனைகள். ரிமோட்டில் இருப்பது இரண்டு நெம்புகோல்கள். எதையும் புதிதாக வாங்காமல் முழு வண்டியும் கிடைத்துவிடுகிறது. டிஃபரென்ஷியல் வேண்டாம், திருப்பும் மோட்டாரும் வேண்டாம். ஒவ்வொரு மோட்டாருக்கும் 8-24, பிறகு 12-20 என்று இரண்டு படிகள், ஆக 5-க்கு 1, போதுமானது. எடையும் லாரியில் பாதிதான் இருக்கும். சக்கரத்தை மட்டும் பெரிதாக்குங்கள், 81.6 மில்லிமீட்டர் பலூன் டயர் பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும்.

பின்சக்கரத்தைக் கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அது திரும்பும் செங்குத்து அச்சு, சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே இருக்கக் கூடாது; இரண்டு குமிழ் முன்னால் தள்ளி இருந்தால்தான் வண்டி போகும் திசைக்குச் சக்கரம் தானே பின்தொடர்ந்து திரும்பும். செங்குத்து அச்சு வட்டத் துளைகளில், மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் தாங்கப்பட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தாங்கினால் சாய்ந்து இறுகிக்கொள்ளும். அந்தச் சக்கரத்துக்கு ரப்பர் டயர் வேண்டாம், வெறும் வளையமே தரைவிரிப்பில் நன்றாக வழுக்கித் திரும்பும்.

எடையை எங்கே வைப்பது என்பதும் இந்த வண்டியில் கண்கூடாகத் தெரியும். ஓர் ஏஏ ஆல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 23 கிராம். ஆறு பேட்டரிகள் பெட்டியோடு சேரும்போது வண்டியிலேயே மிகப் பாரமான பொருள் அதுதான். அதைப் பின்கோடியில் வைத்தால் பாரம் சிறு சக்கரத்தின் மேல் இறங்கி, ஓட்டும் சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுழலும். முன்னால் வைத்தால் நகத்தில் கரும்பை அள்ளியவுடன் வண்டி மூக்கைத் தரையில் குத்தும். ஓட்டும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பாருங்கள். வெறும் நகத்தோடு நிற்கும்போது பின்சக்கரத்தை ஒரே விரலால் எளிதாகத் தூக்க முடிய வேண்டும், முழுச் சுமையோடு நிற்கும்போது அது தரையை விட்டு எழக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையில் சரியான இடம் கிடைக்கும். லாரியிலும் இதே விதிதான்: பேட்டரிப் பெட்டி ஓட்டுநர் அறைக்குள் ஒளிந்திருப்பது அழகு, பின்னச்சின் மேல் இருப்பது பயன். நான் பயனைத் தேர்ந்தெடுத்து, அதைக் கரும்பால் மூடிவிடுவேன்.

தூக்குக் கைக்கும் நகத்துக்கும் பின்னர் ஆசை வந்தால் இன்னும் இரண்டு மோட்டார்களும் இரண்டாவது ரிசீவரும் வேண்டும். ரிமோட்டில் நான்கு அலைவரிசைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகள். ஆக எட்டு மோட்டார் வரை தனித்தனியே ஆளலாம். கையைத் தூக்குவதற்கு 2008 முதல் டெக்னிக் பெட்டிகளில் வரும் நீள் நகர்த்திகளைப் பயன்படுத்துங்கள். அவை எண்ணெய் உருளையைப் போலவே தோன்றும், உள்ளே திருகு இருப்பதால் விட்ட இடத்தில் நிற்கும். அதன் முனையில் முட்டிய பிறகும் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் அதற்குள்ளேயே இருக்கும் கிளட்ச் வழுக்கிக் கொடுத்துவிடும்; நகத்தை மூடும் வரிசையில் அப்படி ஒன்று இல்லையென்றால் ஏதாவது ஒன்று உடையும். எனவே மோட்டாருக்கும் நகத்துக்கும் நடுவே, வெள்ளை நிறக் கிளட்ச் பொருந்திய 24 பல் கியரை வையுங்கள். அதன் முகத்திலேயே 2.5 முதல் 5 நியூட்டன்-சென்டிமீட்டர் என்று பொறித்திருக்கும். அந்த அளவைத் தாண்டினால் அது வழுக்கிக் கொடுத்துவிடும். உங்கள் லாரியின் திருப்பும் மோட்டாருக்கும் இதே கியர் தேவை. வண்டியை ஓட்டும் வரிசையில் மட்டும் அதை வைக்காதீர்கள், மேட்டில் அதுவே வழுக்கும்.

லாரியின் திருப்பத்தைப் பற்றி இரண்டு வரிகள். எம் மோட்டாரால் திருப்பினால் சக்கரம் எங்கே நேராகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். 2012-ல் எல் மோட்டாரோடு வெளிவந்த செர்வோ மோட்டார் விசையை விட்டதும் தானாக நடுவுக்கு வந்துவிடும். நீங்கள் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், எக்ஸ்எல் மோட்டாரை விட செர்வோவுக்குத்தான் என் வாக்கு.

பழையவற்றை விட்டுவிட்டுப் புதிய வரிசைக்கு மாறலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பவர் ஃபங்ஷன்ஸ் 2007-ல் வந்தது. 2018 முதல் அதன் இடத்தைப் பவர்டு அப் பிடித்துக்கொண்டது. இரண்டின் செருகிகளும் ஒன்றோடொன்று பொருந்தா. பேட்டரியும் கட்டுப்பாடும் ஒன்றாக இருக்கும் பெட்டியான புதிய டெக்னிக் ஹப்பில் நான்கு முனைகளும் புளூடூத்தும் உள்ளன. மோட்டார் எத்தனை டிகிரி சுழன்றது என்பதையும் அது அறியும், எனவே தனி செர்வோ வேண்டாம். வெயில் அதைத் தொந்தரவு செய்யாது. ஆனால் கைப்பேசியின் கண்ணாடித் திரையைத் தடவி வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. விரலுக்கு நெம்புகோல் தட்டுப்படாததால் கண் வண்டியை விட்டுத் திரைக்குப் போகிறது. பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஹப்பில் ஏற்றினால் லெகோவின் சிறிய பொத்தான் ரிமோட்டையே அதனோடு இணைக்கலாம். சற்று நிரல் எழுத வேண்டும். உங்கள் மருமகனின் வயதுக்கு அது தடையாக இருக்காது, கற்றுக்கொள்ள நல்ல காரணமாகவும் அமையும். கையில் ஓடும் நிலையில் பழைய மோட்டார்கள் இருக்கும்போது, அவற்றைத் தூக்கி எறிய நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரியில் ஒரு கணக்கு உண்டு. ஆறு ஆல்கலைன் பேட்டரி 9 வோல்ட். ஆறு ரீசார்ஜ் பேட்டரி 7.2 வோல்ட். எனவே ரீசார்ஜ் பேட்டரியில் வெறும் ஓட்டத்தின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் ஆல்கலைன் பேட்டரி சுமை ஏறியதும் வோல்ட்டை இழந்து தளரும், ரீசார்ஜ் பேட்டரி அவ்வளவு தளராது. அரைமணி நேரம் மேட்டில் ஓட்டினால் பின்னதே முந்தும். மின்வெட்டு நாட்களுக்கென்று ஏற்கெனவே ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் பல. அவற்றையே இதற்கும் பயன்படுத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் ஆல்கலைனைப் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் ஒழுகிய பேட்டரி உலோக முனைகளைத் தின்றுவிட்டால் அந்தப் பெட்டிக்கு மாற்று இப்போது கடையில் புதிதாகக் கிடைப்பது அரிது.

வெயிலில் ரிமோட் வேலை செய்யாததற்குக் காரணம், அது தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரால் பேசுவது. டர்பன் வெயிலில் அந்தக் கதிர் நிறையவே இருக்கிறது. ரிசீவரின் கண் கூசிப்போய் உங்கள் சைகையைப் பிரித்தறிய முடிவதில்லை. மாலையிலோ நிழல் விழும் வராந்தாவிலோ ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். ரிசீவரின் கறுப்புக் கண் வண்டியின் மிக உயர்ந்த இடத்தில், எல்லாப் பக்கமும் திறந்திருக்கும்படி நிற்க வேண்டும். அதைச் சுற்றி இரண்டு குமிழ் உயரத்துக்குக் கறுப்புத் துண்டுகளால் ஒரு வேலி கட்டினால் பக்கத்து வெயில் ஓரளவு மறையும், மேலிருந்து நீங்கள் நீட்டும் ரிமோட் மறையாது. உங்கள் படத்தில் ரிசீவர் கரும்புப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கரும்பாக நீங்கள் அடுக்கியிருக்கும் பழுப்பு நிறக் குழாய்கள் அதை முழுக்க மூடியிருக்கின்றன. முதலில் அதை வெளியே எடுத்து ஓட்டுநர் அறையின் கூரைக்குப் பின்னால் பொருத்திப் பாருங்கள்.